புள்ளியால் கட்டிய க்வெரி

2014 அக்டோபர் 15 அன்று ட்ருபல் மென்பொருளின் 7.32 பதிப்பு வந்தது. அது அடைத்தது ஒரு பாதுகாப்பு ஓட்டையை; அடைத்த திருத்தம் ஒரே வரிதான். ஓர் அரேயைச் சுற்றிவரும் இடத்தில், அதை நேரடியாகக் கொடுக்காமல் 'அரே_வேல்யூஸ்' என்ற செயற்கூற்றின் வழியாகக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, ட்ருபல் பாதுகாப்புக் குழு மறுபடி ஓர் அறிக்கை விட்டது. முதல் அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ட்ருபல் 7 தளங்கள் எல்லாமே ஊடுருவப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு வேலை பாருங்கள் என்றது அது.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. பிஎச்பியில் தரவுத்தளத்தோடு பேசுகிறவர்களுக்கு ஆண்டாண்டாகச் சொல்லப்படும் அறிவுரையை ட்ருபல் 7 ஒழுங்காகவே பின்பற்றியிருந்தது. மதிப்பைக் க்வெரிக்குள் ஒட்டாதே, அதற்கு இடம் விட்டு வை, மதிப்பைத் தனியாக அனுப்பு என்பது அந்த அறிவுரை. ட்ருபலின் தரவுத்தள அடுக்கு, பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு வசதியான பிடிஓ மேல் கட்டப்பட்டது. மதிப்புகள் தனியாகத்தான் போயின. மதிப்புக்கு விட்ட இடத்துக்குப் பெயர் வைத்த நிரலில் ஓட்டை இருந்தது. ஒரு மதிப்புக்குப் பதில் மூன்று மதிப்புகளின் பட்டியல் வந்தால், ஒரே இடத்தை மூன்று இடங்களாக விரிக்க வேண்டும். விரித்த இடங்களுக்கு 'பெயர்_0', 'பெயர்_1', 'பெயர்_2' என்று பெயர் வேண்டும். அந்தப் பெயரை மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்தார்கள்: மூலப்பெயர், அடிக்கோடு, அரேயின் சாவி. சாவி எப்போதும் 0, 1, 2 என்றுதான் இருக்கும் என்று எழுதியவர் நம்பினார். ஆனால் பிஎச்பியில் ஒரு படிவப் புலத்தின் பெயரோடு சதுர அடைப்புக்குறி போட்டு அனுப்பினால், அடைப்புக்குள் எழுதியது எதுவோ அதுவே அரேயின் சாவி ஆகிவிடும். அந்த அடைப்புக்குள் எஸ்கியூஎல் எழுதி அனுப்பினால் போதும், அது க்வெரியின் உடம்பிலேயே போய் உட்கார்ந்தது. உள்நுழையத் தேவையே இல்லை. உள்நுழைவுப் படிவத்தின் பெயர்ப் புலமே வழியாக அமைந்தது.

ஆக, 'சர இணைப்பு கூடாது, ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் வேண்டும்' என்ற வழக்கமான தீர்ப்பு போதாது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது, ஏன் என்று அது சொல்வதில்லை. சரங்களை ஒட்டாமல் ஒரு முழுப் பயன்பாட்டையும் எழுதிவிட முடியாது என்பதால், அந்த மௌனம் ஆபத்தானது.

முதலில் புள்ளி என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பிஎச்பியில் இரண்டு சரங்களை ஒட்டுவது புள்ளி. எஸ்கியூஎல்லின் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் வைத்து எழுதினால், பழைய பயிற்சி நூல்களில் காணும் வரி இப்படி இருக்கும்:

$க்வெரி = "செலக்ட் * ஃப்ரம் மாணவர் வேர் ஊர் = '" . $ஊர் . "'";

($ஊர் என்று மாறிக்குத் தமிழில் பெயர் வைப்பதைப் பிஎச்பி ஏற்கும்.) புதிதாகப் படிக்கிறவர்கள் திணறுவது இந்த வரியின் கடைசியில். இரட்டை மேற்கோளுக்குள் ஒற்றை மேற்கோள் தனியாக எதற்கு நிற்கிறது? பலர் இதை ஒரு கோலம் போல மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். இங்கே இரண்டு மொழிகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. இரட்டை மேற்கோள் பிஎச்பிக்கு உரியது; சரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிஎச்பிக்குச் சொல்லிவிட்டு அது மறைந்துவிடும், தரவுத்தளத்துக்குப் போகாது. ஒற்றை மேற்கோள் எஸ்கியூஎல்லுக்கு உரியது. அது சரத்தின் உள்ளடக்கமாகவே பயணம் செய்து மைஎஸ்கியூஎல்லிடம் சேரும். முதல் துண்டு ஒற்றை மேற்கோளைத் திறந்து முடிகிறது. நடுத் துண்டு மதிப்பு. மூன்றாம் துண்டு அதே மேற்கோளை மூடுகிறது, வேறொன்றும் செய்வதில்லை. $ஊர் 'மதுரை' என்றால் மைஎஸ்கியூஎல் பார்ப்பது ஊர் = 'மதுரை' என்று முடியும் ஒரே சரத்தை. எந்தத் துண்டை நிரலாளர் எழுதினார், எந்தத் துண்டு வெளியிலிருந்து வந்தது என்ற தடயம் அந்தச் சரத்தில் எங்கும் இல்லை. மேலே நடந்த அத்தனைக்கும், கீழே வரும் அத்தனைக்கும் வேர் இதுவே.

இதே வேலையைப் புள்ளி இல்லாமலும் செய்யலாம். இரட்டை மேற்கோளுக்குள் மாறியின் பெயரை அப்படியே எழுதினால் பிஎச்பி அதன் மதிப்பை அங்கே விரித்துவிடும். படிக்க அழகாக இருக்கிறது என்று பலர் இதை விரும்புகிறார்கள். எனக்கு இது புள்ளியைவிட மோசமாகப் படுகிறது. விளைவு ஒன்றே, ஆனால் ஒட்டிய தையல் கண்ணுக்குத் தெரியாது. சக நிரலாளர் ஒருவரின் வேலையைச் சரிபார்க்கும்போது புள்ளியைத் தேடலாம். சரத்துக்குள் கரைந்துபோன டாலர் குறியை எளிதில் தாண்டிப் போய்விடுவோம்.

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. 'ஃப்ரம் மாணவர்' என்பதையும் 'வேர் ஊர்' என்பதையும் இடைவெளி விடாமல் ஒட்டினால் 'மாணவர்வேர்' என்று இரண்டும் ஒரே சொல்லாகி, க்வெரி இலக்கணப் பிழையாகிவிடும். பிஎச்பி 8 வரும் வரை புள்ளிக்கும் கூட்டல் குறிக்கும் ஒரே முன்னுரிமை இருந்தது. 'லிமிட் ' என்ற சரத்தோடு $தொடக்கம் + 10 என்று ஒட்டினால், முதலில் சரம் ஒட்டப்பட்டு, பிறகு அந்த முழுச் சரத்தோடு 10 கூட்டப்படும். கையில் மிஞ்சுவது க்வெரி அல்ல, வெறும் 10. இதைப் பற்றி 7.4 பதிப்பு எச்சரித்தது, 2020இல் வந்த 8.0 முறையையே மாற்றியது. இவை எரிச்சல்கள்தாம், க்வெரியை அச்சிட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இணைப்பின் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் எடைபோட முடியாது. முதல் நியாயம் வரலாறு. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் இணையப் பக்கத்துக்காக எழுதிய கருவிகள் பிஎச்பி என்ற பெயரில் 1995இல் வெளியாயின. 1998இல் வந்த பிஎச்பி 3 அதை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. அன்றைய மைஎஸ்கியூஎல் இணைப்பில் க்வெரி என்பது ஒரே ஒரு சரம். மதிப்பைத் தனியாகக் கொடுக்க வாசலே கிடையாது. மைஎஸ்கியூஎல் சர்வரே 4.1 பதிப்பில்தான் அந்த வசதியைப் பெற்றது. பிஎச்பியில் 2004இல் 5.0 பதிப்போடு மைஎஸ்கியூஎல்ஐ என்ற புதிய இணைப்பு வந்தது, 2005இல் 5.1 பதிப்போடு பிடிஓ வந்தது. அதற்கு முன் ஒட்டியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கருவி அதுதான்.

இரண்டாம் நியாயம் வசதி. மைஎஸ்கியூஎல்ஐயில் சரியான வழி என்றால் தயார்செய், வகை எழுத்துகளோடு மதிப்பைக் கட்டு, இயக்கு, விளைவை வாங்கு என்று நான்கு படிகள். ஒட்டுவது ஒரே வரி. இந்த நான்கையும் ஏறக்குறைய ஒரே அழைப்பில் முடிக்கும் 'எக்ஸிக்யூட்_க்வெரி' 2022 டிசம்பரில், 8.2 பதிப்பில்தான் வந்தது. தவறான வழியை ஒரு வரியாகவும் சரியான வழியை நான்கு வரியாகவும் 18 ஆண்டுகள் வைத்திருந்த மொழி, தன் பயனாளர்களின் சோம்பலைப் பற்றிப் பேச முடியாது.

மூன்றாம் நியாயம்தான் கனமானது: சில இடங்களில் வேறு வழியே இல்லை. நெடுவரிசையின் பெயர், அட்டவணையின் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்ற சொல் ஆகியவற்றை மதிப்பாக அனுப்ப முடியாது. அனுப்பிப் பார்த்தால் விபரீதமான ஒன்று நடக்கும். 'ஆர்டர் பை' என்பதற்குப் பின் நெடுவரிசைப் பெயரை மதிப்பாகக் கட்டினால் மைஎஸ்கியூஎல் பிழை காட்டாது; அதை ஒரு நிலையான சொல்லாக எடுத்துக்கொண்டு, எதையும் வரிசைப்படுத்தாமல் பேசாமல் இருந்துவிடும். ஐந்து வடிகட்டிகள் உள்ள தேடல் பக்கத்தில், பயனாளர் எதை நிரப்பினாரோ அதற்கு ஏற்பக் க்வெரி வளர வேண்டும். அதை எழுதியாக வேண்டும், ஒட்டித்தான் எழுத முடியும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை தயார்செய்தால் பலமுறை இயக்கலாம், ஆகவே ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் வேகமானது என்று பாடங்களில் சொல்கிறார்கள். ஒரே கோரிக்கைக்குள் ஆயிரம் வரிகளைச் செருகும்போது இது உண்மை. சாதாரணப் பிஎச்பி பக்கத்தில் கோரிக்கை முடிந்ததும் தயார்செய்தது எல்லாம் போய்விடுகிறது. ஒரே தடவை ஓடும் க்வெரிக்குச் சர்வரிடம் இரண்டு தடவை போய்வர வேண்டியிருக்கிறது. சரியான வழிக்காக வாதாடும்போது தவறான காரணத்தைச் சேர்த்தால், அந்தக் காரணம் பொய் என்று கண்டுபிடிப்பவர் முழு வாதத்தையும் தூக்கி எறிவார்.

இனி மறுபக்கம். டி'சூசா என்ற குடும்பப் பெயர் உள்ள ஒருவர் படிவத்தை நிரப்புகிறார். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரையோரத்தில் இப்படிப்பட்ட பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பெயரில் உள்ள அந்த மேற்குறி எஸ்கியூஎல்லுக்கு மூடும் மேற்கோளாகப் படுகிறது. 'டி' என்பதோடு மதிப்பு முடிந்துபோகிறது, 'சூசா' என்பது கட்டளையின் பகுதியாக நடுத்தெருவில் நிற்கிறது, க்வெரி உடைகிறது. இங்கே தாக்குபவர் யாரும் இல்லை. தன் பெயரைச் சரியாக எழுதிய ஒருவர் மட்டுமே இருக்கிறார்.

இந்த எடுத்துக்காட்டை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மதிப்பை ஒட்டுவதைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று மட்டும் கற்பித்தால், தப்பித்துக்கொள்ள ஒரு சாக்கு கிடைக்கிறது: இது அலுவலகத்துக்குள் ஓடும் பயன்பாடு, இதை யார் தாக்கப் போகிறார்கள்? சரி-தவறு என்ற அளவில் பார்த்தால் அந்தச் சாக்கு நிற்காது. சில பெயர்களுக்கு ஓடி, சில பெயர்களுக்கு உடையும் நிரல், தாக்குபவர் பிறக்கும் முன்பே தவறான நிரல்.

தாக்குபவர் வந்தால், அவர் டி'சூசாவுக்குத் தற்செயலாக நேர்ந்ததைத் திட்டமிட்டுச் செய்கிறார். மேற்கோளை மூடிவிட்டு, எப்போதும் உண்மையாகும் ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறார். ஒரு மாணவரின் விவரத்துக்குப் பதில் எல்லா மாணவர்களின் விவரமும் கொட்டுகிறது. 'ரெயின் ஃபாரஸ்ட் பப்பி' என்ற புனைபெயரில் எழுதியவர் 1998 டிசம்பரில் ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழின் 54ஆம் எண்ணில் இந்த முறையை விவரித்துவிட்டார். அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே வழியில் போயின; அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு எண்களும் போயின. ஓட்டை இருந்தது 2009இல் டிஸ்கலி நிறுவனத்தின் பிரிட்டன் வணிகத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய பக்கங்களில். 2015இலேயே, அக்டோபருக்கு முன் இரண்டு தடவை அதே பக்கங்கள் வழியாகத் தாக்குதல் நடந்திருந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2016இல் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

ஒட்டலாம், ஆனால் மேற்கோளுக்கு முன் பின்சாய்கோடு போட்டு அதன் பல்லைப் பிடுங்கிவிட்டு ஒட்டலாம் என்பது நடுவழி. எஸ்கேப் செய்தல் என்று இதைச் சொல்கிறோம். பிஎச்பி இதில் கண்ட தோல்விகளைத் தனியாகவே எழுதலாம். படிவத்திலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் தானாகவே பின்சாய்கோடு போடும் 'மேஜிக் கோட்ஸ்' என்ற ஏற்பாட்டை மொழியே வைத்திருந்தது. தரவுத்தளத்துக்குப் போகாத இடங்களிலும் அது பின்சாய்கோட்டைத் தூவியது. திரையில் பெயர்கள் சாய்கோடுகளோடு வந்து நின்றன. 2009இல் 5.3 பதிப்பு அதைக் கைவிடச் சொன்னது, 2012இல் 5.4 அதை நீக்கியது. 2006இல் பிஎச்பி பாதுகாப்பு நிபுணர் கிறிஸ் ஷிஃப்லெட் காட்டியது இன்னும் நுட்பமானது. சீன எழுத்துக்கான ஜிபிகே குறியேற்றத்தில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட், பின்சாய்கோட்டின் பைட்டாகவே இருக்கும். ஆகவே 'ஆட்ஸ்லாஷஸ்' என்ற செயற்கூறு போடும் பின்சாய்கோட்டை முந்தைய பைட் விழுங்கி ஒரு சீன எழுத்தாக மாறிவிடும். மேற்கோள் காவலில்லாமல் வெளியே நிற்கும். குறியேற்றம் தெரிந்து எஸ்கேப் செய்யும் செயற்கூறுகள் இதைத் தாங்கும், ஆனால் இணைப்பின் குறியேற்றத்தை முறையான வழியில் அவற்றுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் எண்கள் மிஞ்சுகின்றன. ஐடி = என்பதோடு $ஐடியை மேற்கோள் இல்லாமல் ஒட்டினால், எஸ்கேப் செய்ய அங்கே மேற்கோளே இல்லை. '0 ஆர் 1=1' என்று வருவதில் தடுக்க வேண்டிய எழுத்து எது? ஒன்றுமில்லை. எஸ்கேப் செய்தல் கோட்பாட்டளவில் தவறில்லை. மேற்கோளுக்குள், சரியான குறியேற்றத்தோடு, ஒவ்வொரு இடத்திலும் மறக்காமல் செய்தால் அது நிற்கும். ஒரு பயன்பாட்டில் ஆயிரம் இடங்கள் இருக்கும். ஆயிரத்தில் ஒன்றை மறந்தாலும் விழுந்துவிடும் ஒழுங்கை, மனிதர்கள் எழுதும் நிரலுக்கு ஒழுங்கு என்று ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை.

ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் க்வெரியின் உருவம் முதலில் போகிறது, மதிப்பு வர வேண்டிய இடங்களில் கேள்விக்குறிகளோடு. சர்வர் அதைப் படித்து, எது கட்டளை, எது அட்டவணை, எது நிபந்தனை என்று இலக்கணம் பிரித்து முடித்துவிடுகிறது. மதிப்பு அதன் பிறகுதான் வருகிறது. பத்திரம் எழுதிப் பதிவான பிறகு, விட்ட கட்டத்தில் பெயரை நிரப்புவது போல: நிரப்புபவர் என்ன எழுதினாலும் பத்திரத்தின் ஷரத்து மாறாது. டி'சூசா டி'சூசாவாகவே உள்ளே போகிறார். சரியாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் இங்கே ஒரே செயலில் கிடைக்கின்றன.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பிடிஓவில் மைஎஸ்கியூஎல்லுக்கு இயல்பாக நடப்பது இது இல்லை. சொல்லி மாற்றாவிட்டால் பிடிஓ இதைப் பாவனை செய்கிறது. பிஎச்பி பக்கத்திலேயே கேள்விக்குறிகளைக் கண்டுபிடித்து, மதிப்பை எஸ்கேப் செய்து ஒட்டி, ஒரே சரமாக அனுப்புகிறது. மனிதர் செய்யும்போது ஏற்க முடியாது என்று இப்போதுதான் சொன்ன அதே வேலையை இங்கே நூலகம் செய்கிறது. நூலகம் மறப்பதில்லை என்பதால் இது ஏற்கத்தக்கது. குறியேற்றத்தை இணைப்புச் சரத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருந்தாலும் பாவனையை அணைத்து வைப்பதே என் பரிந்துரை. ட்ருபல் பாவனையை இயக்கி வைத்திருந்தது. அது அணைக்கப்பட்டிருந்தால், ஒரு க்வெரிக்குப் பின் அரைப்புள்ளி வைத்து இன்னொரு கட்டளையைத் தொடுக்கும் வழியாவது அடைபட்டிருக்கும். பாவனையில், 'லிமிட்' என்பதற்கான எண்ணை இயக்கும்போது அரேயாகக் கொடுத்தால் அது மேற்கோளுக்குள் போய்ப் பிழை வரும். அந்தப் பிழையைக் கண்டு சலித்து எண்ணை ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. எண் வகை என்று சொல்லிக் கட்டினால் தீர்ந்தது.

ஆனால் கருவி மட்டும் காப்பாற்றாது என்பதற்கு வேர்ட்பிரஸ் தரும் சாட்சி ட்ருபலுக்குச் சளைத்ததல்ல. அதன் 'ப்ரிப்பேர்' என்ற செயற்கூறு, முதலில் க்வெரியையும் பின்னால் மதிப்புகளையும் வாங்க வேண்டும். பல செருகுநிரல்களை எழுதியவர்கள் முன்பு போலவே மதிப்பைக் க்வெரியில் ஒட்டிவிட்டு, ஒட்டிய சரத்தை மட்டும் அந்தச் செயற்கூற்றுக்குக் கொடுத்தார்கள். பெயரில் 'தயார்செய்' என்று இருக்கிறது, ஆகவே தயாராகிவிட்டது என்று நம்பினார்கள். 2012 டிசம்பரில் வந்த 3.5 பதிப்பு, இரண்டாம் உள்ளீடு இல்லாமல் அழைத்தால் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. எத்தனையோ தளங்களில் அந்த எச்சரிக்கை திரையிலேயே வந்து நின்றது. 2017 அக்டோபர் 31 அன்று வந்த 4.8.3 பதிப்பு இன்னொரு வகையைச் சரிசெய்தது. பிஎச்பி நிரலாளர் அந்தோணி ஃபெராரா சுட்டிக்காட்டிய குறை இது: ஒருமுறை தயார்செய்த துண்டை மற்றொரு க்வெரியோடு ஒட்டி, முழுவதையும் இன்னொரு முறை தயார்செய்தால், முதல் சுற்றில் மதிப்பாக நுழைந்த சதவீதக் குறி இரண்டாம் சுற்றில் இடம் விட்ட குறியாகப் படிக்கப்படும். மதிப்பு மறுபடியும் கட்டளையாகிவிடும்.

ட்ருபல், டாக்டாக், வேர்ட்பிரஸ் ஆகிய மூன்று நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் என் தீர்ப்பு இப்படி அமைகிறது. க்வெரி என்ற சரத்தில் சேரும் ஒவ்வோர் எழுத்தும் நிரலாளரின் கோப்பில் அவரே எழுதியதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட துண்டுகளைப் புள்ளியால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஒட்டலாம். அதில் குற்றமில்லை, குறையுமில்லை. வெளியிலிருந்து வந்தது எதுவும், மதிப்போ, சாவியோ, நெடுவரிசைப் பெயரோ, அந்தச் சரத்துக்குள் எந்த வடிவிலும் போகக் கூடாது. மதிப்பு கேள்விக்குறி வழியாகப் போகும். மற்றவை, நிரலாளர் எழுதிய சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும் உதவும். 'வெளி' என்பதில் தரவுத்தளமும் அடக்கம். நேற்றுப் பத்திரமாக உள்ளே வைத்த டி'சூசா என்ற பெயரை இன்று வெளியே எடுத்து வேறொரு க்வெரியில் ஒட்டினால், நேற்றைய கவனம் இன்றைக்கு உதவாது. நம் அட்டவணையிலிருந்து வந்தது நம்முடையது என்ற எண்ணம், நான் கண்டவரை, அனுபவம் உள்ளவர்களிடமும் உயிரோடு இருக்கிறது.

இந்த விதி கடினமான இடங்களையும் தாங்குகிறது என்பதே அதற்கு ஆதரவான வலுவான வாதம். மூன்று ஐடிகளின் பட்டியலா? மூன்று கேள்விக்குறிகளைக் காற்புள்ளியால் இணைத்து அடைப்புக்குள் ஒட்டுங்கள். பயனாளரிடமிருந்து க்வெரிக்குள் வருவது எத்தனை என்ற எண்ணிக்கை மட்டுமே. (பட்டியல் காலியாக இருந்தால் மைஎஸ்கியூஎல்லில் வெற்று அடைப்பு பிழையாகும், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒரு க்வெரியில் 65,535 கேள்விக்குறிகளுக்கு மேல் அது ஏற்காது.) வரிசைப்படுத்தலா? பயனாளர் அனுப்பிய சொல்லைச் சாவியாக வைத்து, நிரலில் எழுதி வைத்த அரேயிலிருந்து நெடுவரிசைப் பெயரை எடுங்கள். பயனாளரின் சொல் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதே சொல்லை ஒட்டுவதும் வேலை செய்யும். ஆனால் அரேயிலிருந்து எடுக்கும்போது க்வெரியில் சேர்வது நீங்கள் எழுதிய எழுத்துகள், அதைப் படித்தவுடனேயே சரிபார்க்க முடிகிறது. ஐந்து வடிகட்டிகளா? நிபந்தனைத் துண்டுகளுக்கு ஓர் அரே, மதிப்புகளுக்கு ஓர் அரே, இரண்டும் சேர்ந்தே வளரட்டும். கடைசியில் துண்டுகளை 'ஆண்ட்' என்ற சொல்லால் இணைத்துவிடுங்கள். லாரவெல், டாக்ட்ரின் போன்றவற்றின் க்வெரி கட்டும் கருவிகளும் உள்ளே இதைத்தான் செய்கின்றன. லாரவெலிலும் 'ரா' என்று முடியும் வாசல்கள் இருக்கின்றன; அந்த வாசலில் நிற்கும்போது விதி மறுபடி உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

ட்ருபலை இந்த விதியால் அளந்து பாருங்கள். மதிப்பு வெளியிலிருந்து வந்தது, அது க்வெரிக்குள் போகவில்லை, சரி. சாவியும் வெளியிலிருந்து வந்தது, அது க்வெரிக்குள் போனது. 'அரே_வேல்யூஸ்' செய்த வேலை, வெளியிலிருந்து வந்த சாவிகளைத் தள்ளிவிட்டுப் பிஎச்பியே போடும் 0, 1, 2 என்ற எண்களை வைத்தது. 'ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்து' என்ற விதி அந்த நிரலைத் தேறியதாக அறிவித்திருக்கும். பிறப்பிடம் கேட்கும் விதி அந்த இரண்டாம் புள்ளியிலேயே கையைப் பிடித்திருக்கும்.

மொழியின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தப் பிறப்பிடத்தைப் பிஎச்பி தானே நினைவில் வைத்திருக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் மென்பொருளை எழுதிய வீட்ஸே வெனமா, வெளியிலிருந்து வந்த சரங்களுக்குக் கறைக்குறி போடும் யோசனையை 2000களின் பிற்பகுதியில் முன்வைத்தார். அது மொழிக்குள் வரவில்லை. 2021இல் பிஎச்பி நிரலாளர்களான கிரெய்க் ஃபிரான்சிஸும் ஜோ வாட்கின்ஸும் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள்: ஒரு சரம் முழுக்க நிரலில் எழுதப்பட்ட துண்டுகளால் ஆனதா என்று சொல்லும் 'இஸ்_லிட்டரல்' என்ற செயற்கூறு வேண்டும் என்றார்கள். வாக்கெடுப்பில் அது தோற்றது. எதிர்த்தவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சரத்தோடும் பிறப்புக் குறிப்பைச் சுமக்க இன்ஜினுக்குக் கூடுதல் வேலை உண்டு. ஆனாலும் அந்த முடிவு தவறு என்றே கருதுகிறேன். நூலகம் எழுதுகிறவர் தன் வாசலிலேயே 'இந்தச் சரம் உன்னுடையதுதானா' என்று கேட்க முடிந்திருந்தால், வேர்ட்பிரஸ் 3.5 எச்சரிக்கையாகச் சொன்னதைக் கட்டாயமாகவே சொல்லியிருக்கலாம். பைதான் 2022இல் 3.11 பதிப்போடு இதே கருத்தை வகைக் குறிப்பாக ஏற்றுக்கொண்டது. பிஎச்பியில் இன்று இது நிரல் ஆய்வுக் கருவிகளான சாம், பிஎச்பிஸ்டான் ஆகியவற்றின் 'லிட்டரல்-ஸ்ட்ரிங்' வகையாக வாழ்கிறது. அவற்றை ஓட்டுகிறவர்களுக்குக் கிடைக்கிறது. ஓட்டாதவர்களே பெரும்பாலும் இது தேவைப்படுகிறவர்கள்.

பாடங்கள் எழுதுகிறவர்களின் பங்கும் இதில் உண்டு. ஜெர்மன் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு 2017இல் வந்தது. இணையத்தில் பிரபலமான பிஎச்பி பாடங்களில் இருந்த பழுதான துண்டுகளை எடுத்து, கிட்ஹப்பில் உள்ள 64,000க்கும் மேற்பட்ட பிஎச்பி நிரல்தொகுப்புகளில் அவற்றின் சாயலைத் தேடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டைகள் கிடைத்தன. ஒரே பாடத்திலிருந்து நகலான எஸ்கியூஎல் ஓட்டை 8 வெவ்வேறு பயன்பாடுகளில் இருந்தது. 'எளிமைக்காக இங்கே ஒட்டியிருக்கிறோம், உண்மையான நிரலில் இப்படிச் செய்யாதீர்கள்' என்று அடியில் ஒரு வரி எழுதும் பாடங்களை இனி எளிமைக்காகக்கூட மன்னிக்க முடியாது. படிக்கிறவர் எடுத்துப் போவது நிரலை. அடிவரியை யாரும் நகலெடுப்பதில்லை. ஒற்றை மேற்கோள் யாருடையது, இரட்டை மேற்கோள் யாருடையது என்று முதல் பாடத்தில் விளக்கினால், கேள்விக்குறிக்கு மேற்கோளே தேவையில்லை என்பது அடுத்த பத்தியிலேயே புரிந்துவிடும். சரியான வழி எளிமையான வழியும் கூட, ஏனென்றால் அந்த மேற்கோள் கோலமே அங்கே இல்லை.

எஞ்சுவது பழைய நிரல். லட்சம் வரிகள் உள்ள, பத்து ஆண்டு பழைய பயன்பாட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் எல்லாவற்றையும் திருத்தி எழுதச் சொல்வது பதிலாகாது. முதலில் மேற்கோள் இல்லாமல் எண்கள் ஒட்டப்பட்ட இடங்களைத் தேடுங்கள். எஸ்கேப் செய்த நிரலிலும் அவை திறந்தே கிடக்கும். அடுத்து 'ஆர்டர் பை' வரும் இடங்கள். பிறகு, உள்நுழையாமலே அடையக்கூடிய பக்கங்கள் அனைத்தும், வேறொருவரிடமிருந்து வாங்கிச் சேர்த்த பகுதிகள் உட்பட. நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் பக்கங்கள் கடைசியில் வரலாம், ஆனால் பட்டியலிலிருந்து விழக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும், புள்ளியின் வலப்பக்கத்தில் இருக்கும் மாறியைப் பிடித்துக்கொண்டு அது பிறந்த வரி வரை பின்னோக்கி நடக்க வேண்டும். அந்த வரி உங்கள் கோப்பில் ஒரு மேற்கோளுக்குள் முடிந்தால் விட்டுவிடலாம். வேறெங்கு முடிந்தாலும் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியோ ஓர் அரேயோ வர வேண்டும்.